தள்ளிவைக்கலாமா என்று கேட்டாய்

ரோனோக், வர்ஜீனியா
2020 மே 16

அன்புள்ள மாப்ளே,

மருமகன் கல்லூரியில் சேருவதை ஒரு வருடம் தள்ளிவைக்கலாமா என்று கேட்ட உன் மெயில் கிடைத்தது. போனில் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரி, அதை விடு" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எல்லாரும் நலம். சம்பளத்தில் கொஞ்சம் வெட்டினார்கள், வேலை இருக்கிறது. மகள் மார்ச்சில் விடுமுறைக்கு வந்தவள்தான். அவள் கேடட்டாக, அதாவது ராணுவ அதிகாரிப் பயிற்சி மாணவியாகப் படிக்கும் வர்ஜீனியா டெக் கல்லூரி, கொரோனாவால் வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டதால் இன்னும் வீட்டிலேயே இருக்கிறாள். மூன்றாம் ஆண்டு முடித்த கேடட்கள் கோடையில் ஃபோர்ட் நாக்ஸ் முகாமுக்குப் போவார்கள். அவர்களுக்கு அதுதான் பெரிய பரீட்சை. இந்த ஆண்டு அது ரத்து. அந்தக் கோபத்தில் முதுகுப்பைக்குள் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் தெருவைச் சுற்றி நடக்கிறாள். சமைக்க அரிசி கேட்டால் அவள் அம்மாவுக்குக் கூடத் தர மறுக்கிறாள்.

உன் குழுவையே ஒரே ஜூம் அழைப்பில் வீட்டுக்கு அனுப்பியதைப் படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. ஏப்ரலில் வேலையில்லாதவர்கள் 14.7 சதவீதமாம். பெரும் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு இந்த நாடு இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. உங்கள் நியூ ஜெர்சியில் சாவு மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதன் நடுவில் தங்கச்சி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். ஒரே முகக்கவசத்தை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நீ எழுதிய வரியை என் மனைவியிடம் நான் படித்துக் காட்டவில்லை. கும்பகோணத்தில் அப்பா தனியாக இருக்கிறாரே என்று வேறு கவலைப்படுகிறாய். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை ஊருக்குக் கூட்டிப்போகும் வந்தே பாரத் விமானங்கள் இப்போதுதான் பறக்க ஆரம்பித்திருக்கின்றன. யார் யாருக்கு இடம் கிடைக்கும், போனால் திரும்பி வர முடியுமா, ஒன்றும் தெளிவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருந்தால் இப்போதைக்கு நீ இங்கேயே இருப்பது நல்லது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரிப் படிப்போடு ராணுவ அதிகாரிப் பயிற்சியும் தருகிற ஆர்மி ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்போடு அவனுக்கு நார்விச் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வீடு இப்படி இருக்கும்போது நான் மட்டும் வெர்மான்ட் மலையில் போய்க் காலையில் ஓடிக்கொண்டிருப்பதா, ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு ஏதாவது கிடங்கில் வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொல்கிறான். உனக்கு அது பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் படுகிறது. இதுதானே?

முதலில் ஒன்று பார். நீ "ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். கடிதத்தில் நான்கு ஆண்டு என்று இருக்கிறதா, மூன்று ஆண்டு என்று இருக்கிறதா? மூன்று ஆண்டு வகையும் நிறையக் கொடுக்கிறார்கள். அதில் முதல் ஆண்டுச் செலவு நம் தலையில் விழும், இரண்டாம் ஆண்டிலிருந்துதான் ராணுவம் கட்டும். நார்விச் தனியார் கல்லூரி. ஒரு ஆண்டுக் கட்டணத்தை உன் இப்போதைய நிலையில் கைக்காசாகக் கட்டுவது நடக்காது. அப்படியானால் நாம் பேசவேண்டியதே வேறு.

நான்கு ஆண்டு என்றால் விஷயம் இப்படி. கல்விக் கட்டணம் அல்லது தங்கும் இடமும் சாப்பாடும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நார்விச் மாதிரி இடத்தில் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், அதோடு கல்லூரி நடக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு 420 டாலர். ஸ்காலர்ஷிப்போடு வருகிற கேடட்களுக்குத் தங்கும் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. நார்விச்சில் இந்த ஆண்டு எப்படி என்று நீயே கூப்பிட்டுக் கேள், வெட்கப்படாதே.

அப்புறம், எல்லாரும் கவனிக்கத் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டு ஸ்காலர்ஷிப்பில் முதல் ஆண்டு முழுக்கக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரும் அன்றுதான் பையன் ராணுவத்துக்குக் கடன்பட்டவன் ஆகிறான். அதற்கு முன்னால் "எனக்கு இது வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, சேவையும் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு விட்டால்தான் சிக்கல். பணத்தைத் திருப்பிக் கட்டு என்பார்கள், இல்லையென்றால் சாதாரணச் சிப்பாயாக வந்து சேவை செய் என்பார்கள். ஒழுங்காகப் படித்து முடித்தால் மொத்தம் எட்டு ஆண்டு. பெரும்பாலும் நான்கு ஆண்டு முழுநேரம், மீதி ரிசர்வ் பட்டியலில். முழுநேரமா, நேஷனல் கார்ட் என்கிற பகுதிநேரப் படையா, எந்தப் பிரிவு என்பதையெல்லாம் பையன் விருப்பமாகச் சொல்லலாம், முடிவு செய்வது ராணுவம்.

ஆக, நீங்கள் மூன்று பேரும் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிற அந்தப் பெரிய முடிவை இந்த ஆகஸ்டில் எடுக்க வேண்டியதே இல்லை. அது 2021 ஆகஸ்டில் எடுக்க வேண்டியது. ஒரு வருட அவகாசம் கேட்கலாமா என்கிறாயே, அந்த அவகாசம் ஏற்கெனவே ஸ்காலர்ஷிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் அவர்கள் செலவில்.

தள்ளிவைத்தால் என்ன ஆகும்? தள்ளிவைப்பது நமக்கு உள்ள உரிமை இல்லை, கேட்டுப் பெற வேண்டியது. கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு வரிசை எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? அப்பா அம்மாவுக்கு வேலை போன வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள்! கஷ்டகாலத்தில் சீருடையைத் தேடுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். நம் ஊரிலும் மழை பொய்த்த வருடம் ஆளெடுப்பு மைதானத்தில் கூட்டம் கூடும், உனக்குத் தெரியாததா?

அவன் கிடங்கில் வேலை பார்த்துக் கொண்டுவரும் பணத்தையும் யோசி. நல்ல பிள்ளை, மனசு புரிகிறது. ஆனால் உனக்கு இப்போது வேலையில்லாதோர் உதவியோடு வாரம் 600 டாலர் கூடுதலாக ஜூலை கடைசி வரை வருகிறது. அதற்குள் உனக்கு ஏதாவது அமைந்துவிடலாம், அமையாமலும் போகலாம். எப்படியிருந்தாலும் வீட்டுக் கடனை அவன் சம்பளம் தாங்கப் போவதில்லை. அவன் கிளம்பிவிட்டால் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவு உன் கணக்கிலிருந்து போய்விடும். இந்த வீட்டுக்கு அவன் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். இதை அவனிடம் நேராகவே சொல். குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் புரிகிறது.

இன்னொன்று, ஃபாஃப்சா, அதாவது கல்லூரி நிதியுதவிக்கான அரசு விண்ணப்பம். நீங்கள் நிரப்பியது 2018 வருமானத்தை வைத்து. அதில் நீ இன்னும் பெரிய சம்பளக்காரன். வேலை போனதற்கான கடிதத்தை இணைத்து, எங்கள் நிலை மாறிவிட்டது, மறுபடி பாருங்கள் என்று கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்கு எழுது. கணக்கை மாற்றிப் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஸ்காலர்ஷிப்பில் விட்டுப்போகும் துண்டு துணுக்குக்கு அது உதவும். நம் ஆட்கள் இதைக் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை.

மெடிக்கல் முடிந்ததா? நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சின்ன வயதில் அவன் இன்ஹேலர் வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதிமூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்ததாக டாக்டர் ஏட்டில் இருந்தால் தனியாக வேய்வர், அதாவது விதிவிலக்கு அனுமதி, வாங்க வேண்டும். மெடிக்கல் தேறாதவரை ஒரு டாலரும் வராது. இப்போது பரிசோதனை நிலையங்கள் வேறு மூடிக் கிடக்கின்றன. பழைய மருத்துவ ஏடுகளை இப்போதே எடுத்துவை. தள்ளிவைப்பதா வேண்டாமா என்பதைவிட இது அவசரம் என்று எனக்குப் படுகிறது.

தங்கச்சிக்கு வேறு பயம். பாரக்ஸில் ஒரே அறையில் இரண்டு பேர், ஒரே மெஸ், ஒரே குளியலறை, இந்த நோய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்கிறாளாம். தினமும் வார்டைப் பார்த்துவிட்டு வருகிறவள், அவளுக்கு நான் என்ன சொல்ல? அவள் பயத்துக்கு வரலாறும் சாட்சி சொல்கிறது. 1918 அக்டோபர் 1 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் மாணவர் ராணுவப் பயிற்சிப் படை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பையன்களைச் சீருடை போட்டு ஒன்றாக அடைத்த அதே மாதம்தான் ஸ்பானிஷ் காய்ச்சலின் மோசமான அலை. நவம்பரில் போர் முடிந்தது, ஆண்டு முடிவதற்குள் படையையே கலைத்துவிட்டார்கள். 1819-இல் தொடங்கிய நார்விச்சும் அந்தக் காலத்தைப் பார்த்த கல்லூரிதான். இந்த முறை ஆகஸ்டில் எப்படித் திறக்கிறார்கள், தனிமைப்படுத்த இடம் வைத்திருக்கிறார்களா, பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தங்கச்சியே கூப்பிட்டுக் கேட்கட்டும். அவளை ஏமாற்றிப் பதில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் தினமும் வார்டிலிருந்து திரும்பும் வீட்டில் அவன் இருப்பதும், அவன் தினமும் கிடங்குக்குப் போய் வந்து அவளோடு இருப்பதும் அப்படியொன்றும் பாதுகாப்பு இல்லை.

உன் பயம் எதுவென்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், படைகள் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிவிடும் என்கிறார்கள். அதை நம்பி நான் உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். 2024-இல் அவன் செகண்ட் லெப்டினன்ட் ஆகும்போது உலகம் எங்கே எரிந்துகொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் மகள் கையெழுத்துப் போட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஊரில் அவள் பாட்டிக்கு இன்னும் விஷயம் தெரியாது. காலேஜில் என்.சி.சி.யில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், மருமகனிடம் ஒரே ஒரு கேள்வி கேள். பணப் பிரச்சினையே இல்லை, அப்பாவுக்கு வேலை இருக்கிறது, எந்தக் கல்லூரிக்கும் போகலாம் என்றால் அப்போதும் நீ நார்விச்சுக்குப் போவாயா? போவேன் என்றால் இந்த ஆகஸ்டே போகட்டும். போக மாட்டேன், பணத்துக்காகத்தான் என்றால் தள்ளிவைக்க வேண்டாம், விட்டுவிடச் சொல். ராணுவ வேலை பிடித்தவர்களுக்கே அது கடினம். கட்டணத்துக்காக மட்டும் போய்ச் சிக்கிக்கொண்ட பிள்ளைகளை மகளின் பட்டாளத்தில் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் அவர்கள் முகமே மாறிவிடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, உள்ளூர்க் கட்டணம். அங்கேயும் ஆர்.ஓ.டி.சி. உண்டு. சாதாரண மாணவனாகச் சேர்ந்து வகுப்பில் மட்டும் உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் இரண்டு மூன்று ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்கு அங்கிருந்தே முயலலாம்.

தெரியவில்லை என்று அவன் சொன்னால்? பதினெட்டு வயதில் நமக்கு மட்டும் என்ன தெரிந்தது? அப்போதும் போகட்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத முதல் ஆண்டு தெரியாதவர்களுக்காகத்தான். வெர்மான்ட் குளிரில், முதலாண்டு மாணவர்களை ரூக் என்று கூப்பிட்டு அவர்கள் போடும் சத்தத்தில், டிசம்பருக்குள் அவனுக்கே தெரிந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. தங்கச்சிக்கோ உனக்கோ உடம்புக்கு வந்து, சின்னவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்ற நிலை வந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிவை என்பேன். அப்போது ஸ்காலர்ஷிப் போனாலும் பரவாயில்லை. ஆனால் அதை வாயால் கேட்காதே. கல்லூரியில் ராணுவ அறிவியல் பேராசிரியர் என்று ஒருவர் இருப்பார், ஆர்.ஓ.டி.சி. பொறுப்பு அவருடையது. அவருக்கு மெயில் போட்டு, தள்ளிவைத்தால் இடம் உறுதியா, மறுபடி போட்டியிட வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கு. போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி எதையும் விட்டுவிடாதே. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த மெயிலை நீ எழுதாதே, அவனை எழுதச் சொல். உன் பெயரில் போனால் நன்றாக இருக்காது. அதிகாரியாகப் போகிறவனுக்கு அப்பா கடிதம் எழுதுவதை அவர்கள் ரசிப்பதில்லை.

வியாழன் இரவு எட்டு மணிக்கு மகளை லைனில் வைத்திருக்கிறேன். மருமகனையும் உட்காரவை. நாம் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம், அவர்கள் பேசட்டும். நம்மிடம் கேட்காத கேள்விகளை அவளிடம் கேட்பான். அதற்குள் அந்த ஸ்காலர்ஷிப் கடிதத்தை ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பு, மூன்று ஆண்டா நான்கு ஆண்டா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்