கிறீம் இல்லாத பாஸ்தா: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பான மகளுக்கு,

கலோரி கூடுகிறது, அதனால் பாஸ்தாவையே விட்டுவிட்டேன் என்று நேற்றுப் போனில் சொன்னாய். இரவில் வெறும் சலாட்டோடு படுக்கிறாய் என்றும் சொன்னாய், அதுதான் எனக்கு நித்திரை வரவில்லை. பாஸ்தா என்ன குற்றம் செய்தது பிள்ளை? காய்ந்த பாஸ்தா 80 கிராம் நிறுத்து எடுத்தால் 280 கலோரி வரும், ஒரு ஆளுக்கு அது காணும். அதன் மேலே என்ன ஊற்றுகிறாய் என்பதைத்தான் பார்க்கவேண்டும். நீ இருக்கும் இங்கிலாந்தில் டபிள் கிறீம் என்று விற்பதில் 48 வீதம் கொழுப்பு, 100 மில்லியில் ஏறக்குறைய 450 கலோரி. அதில் ஒரு 75 மில்லி, வதக்கக் கொஞ்சம் பட்டர், மேலே ஒரு பிடி சீஸ் என்று போட்டால் சோஸ் மட்டுமே பாஸ்தாவைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும்.

கிறீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விடுகிறேன் என்றாயே, அதுவும் சரிவராது. டின்னில் வரும் கெட்டிப்பாலில் 100 மில்லிக்கு 180, 200 கலோரி இருக்கும். டபிள் கிறீமை விடக் குறைவுதான், ஆனால் நம்முடைய சாமான் என்பதற்காக உடம்புக்குப் பாரமில்லை என்று நினைத்து அரை டின்னைக் கவிழ்க்கக்கூடாது.

கிறீம் ஒரு சோஸில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பார். தடிப்பாக்குகிறது, பாஸ்தாவில் ஒட்ட வைக்கிறது, தக்காளியின் புளிப்பையும் மிளகாயின் உறைப்பையும் தணிக்கிறது. இதில் முதல் இரண்டு வேலையையும் பாஸ்தா அவித்த தண்ணீரே செய்துவிடும், அதைத்தான் நீ சிங்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். இங்கே சுவிஸில், பேர்னில் இத்தாலியர்களோடு குசினியில் நின்ற காலம் முழுக்க நான் பார்த்தது, பாஸ்தாவை வடிக்க முதல் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து வைக்காத சமையற்காரனே கிடையாது. அவியும்போது பாஸ்தாவிலிருந்து மாப்பொருள் இறங்கித் தண்ணீர் கலங்கிவிடும், அந்த மாப்பொருள் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துபோகாமல் பிடித்து வைக்கும். அதனால் வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைந்த தண்ணீரில் அவி, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முந்தி எடு, பச்சைத்தண்ணீரில் கழுவாதே, நேரே சோஸ் இருக்கும் தாச்சிக்குள் போட்டு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விடாமல் கிளறு. முதலில் தண்ணியாகத்தான் இருக்கும், பயப்படாதே. ஒரு நிமிடம் பொறுத்தால் பாஸ்தாவைச் சுற்றி மினுக்கமாகப் பிடிக்கத் தொடங்கும். இத்தாலியர் இந்தக் கிளறலை மாந்தெகாரே என்பார்கள், அவர்களுக்கு அது தெரியாவிட்டால் சமையல் தெரியாது என்றுதான் அர்த்தம்.

சரி, வெள்ளை சோஸ்தான் வேண்டும் என்றால் கோலிஃப்ளவரைப் பிடி. இரண்டு பேருக்கு 300 கிராம் போதும், மொத்தமே 75 கலோரிதான். இரண்டு பல்லு உள்ளியோடு உப்புத் தண்ணீரில் போட்டு, கத்தி வைத்ததும் தானாக உடைகிற அளவுக்கு அவிய விடு, அரைவேக்காடாக எடுத்தால் சோஸ் மணல்மணலாக வரும். பிறகு பாஸ்தாத் தண்ணீர் ஒரு அரைக் கோப்பை, ஒலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பார்மெசான் சீஸ் 20 கிராம், மிளகு, சாதிக்காய் ஒரு துளி, எல்லாம் போட்டு பிளெண்டரில் நன்றாக அடி. தட்டுக்கு 140 கலோரி அளவில் நிற்கும். கோலிஃப்ளவர் மணம் பிடிக்காவிட்டால் டின்னில் வரும் வெள்ளை பீன்ஸை இதே மாதிரி அரை. கலோரி அதில் கூடத்தான், ஆனால் புரதம் இருப்பதால் வேலைமுடிந்து பசியோடு வருகிற நாளுக்கு அதுதான் தாங்கும்.

புளிப்பு, உறைப்பு தணிக்கத்தான் கிறீம் தேடுகிறாய் என்றால் கிரேக்க யோகட் விடலாம், கொழுப்பு நீக்கியதில் 100 கிராமுக்கு 60 கலோரிகூட வராது. ஆனால் அதைக் கொதிக்கிற சோஸில் விட்டால் திரைந்துவிடும். அம்மா மீன்குழம்புக்கு முதற்பால் விடுவது போல அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கடைசியில்தான் விடவேண்டும். யோகட்டைக் குளிர்ப்பெட்டியிலிருந்து முன்னமே எடுத்து வை, சூடான பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு அடித்துக்கொண்டு சேர். காளானும் கீரையும் போட்ட பாஸ்தாவுக்கு இது நல்லாய்ப் பொருந்தும்.

இன்னொன்று, கார்போனாரா என்கிற பாஸ்தாவில் கிறீம் கிடையாது. ரோமில் அது முட்டையும் பெக்கொரினோ சீஸும் மிளகும் பன்றிக்கன்ன இறைச்சியும்தான். அல்ஃபிரேடோ என்கிற பாஸ்தாவும் அங்கே பட்டரும் பார்மெசானும்தான், கிறீமை அமெரிக்காவில்தான் சேர்த்தார்கள். அது லேசான சாப்பாடு என்று சொல்லவரவில்லை, கிறீம் இல்லாமலே அந்த வழுவழுப்பு வரும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு முட்டையும் 20 கிராம் சீஸும் சேர்ந்து 150 கலோரிதான், அடுப்பை விட்டு இறக்கிக் கலந்தால் முட்டை கட்டிபடாது. இறைச்சிக்குப் பதில் வதக்கிய காளானோ பச்சைப் பட்டாணியோ போட்டுக்கொள், அதைக் கார்போனாரா என்று சொல்லமுடியாது, ஆனால் ருசிக்குக் குறைவில்லை.

எண்ணெயில் மட்டும் கவனமாய் இரு. உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்ட பாஸ்தாவில் கிறீம் இல்லை என்று நினைத்து நாலு கரண்டி எண்ணெய் விட்டால் கதை கெட்டுவிடும், ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. போத்தலைச் சரித்து ஊற்றாதே, அளந்து விடு. சீஸையும் நிறுத்துப் போடு, சன்னமாய்த் துருவினால் கொஞ்சமே நிறையத் தெரியும். தக்காளி சோஸ் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒலிவ் காயும், கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டும், ஒரு நெத்தலியும் போட்டால் கிறீம் நினைவே வராது.

இந்தக் கிழமை கோலிஃப்ளவரைச் செய்து பார்த்துப் படம் அனுப்பு. பிளெண்டர் பழுது என்று சொன்னதாக ஞாபகம், அப்படியென்றால் சொல்லு, ஓகஸ்டில் வரும்போது இங்கிருந்து கொண்டுவருகிறேன், அதுவரை கரண்டியால் மசித்தாலும் பரவாயில்லை. மற்றது, இரவில் சாப்பிடாமல் படுக்காதே மகள்.

அப்பா