மூலநிரலைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்டபோது அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு யோசனை ஒழுங்காக வரும்.

நீ செய்த கம்ப்யூட்டர் ஆட்டத்தின் மூலநிரலை, அதாவது நீ எழுதிய கோடு (code) முழுவதையும், எல்லாரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லி யாரோ மெயில் போட்டிருக்கிறார்கள், நீ இரண்டு மனதாக இருக்கிறாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிடு. படங்கள், இசை, ஆட்டத்தின் பெயர் மூன்றும் உன் கையிலேயே இருக்கட்டும். நிரலை மட்டும் கொடு.

யாராவது எடுத்து விற்றுவிட்டால் என்று பயந்தாய். நியாயமான பயம்தான். 2010 மே மாதம் ஹம்பிள் இண்டி பண்டில் என்று ஒன்று வந்தது, இஷ்டப்பட்ட விலை கொடுத்து ஆட்டங்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும் அதில் இருந்த சில ஆட்டங்களின் மூலநிரலை வெளியிட்டார்கள். வுல்ஃபயர் என்ற சின்னக் குழுவின் லுகாரு அவற்றில் ஒன்று. அடுத்த வருடமே வேறு யாரோ அதை எடுத்து ஆப்பிளின் மேக் கடையில் 1.99 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். வுல்ஃபயர் போட்டிருந்த விலை 9.99. நிரலுக்குக் கொடுத்திருந்தது ஜிபிஎல் உரிமம். யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கும் நிரலைத் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. அதனால் நிரலை விற்பதில் தப்பில்லை. படங்களையும் ஒலிகளையும் விற்க யாரும் அனுமதி கொடுக்கவில்லை. ஆப்பிளிடம் முறையிட்டு, அலைந்து, கடைசியில் அந்தப் போலி கடையை விட்டுப் போனது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். இவர்கள் போனார்கள். 2022 ஏப்ரலில் ஓவர்குரோத் என்ற தங்கள் அடுத்த ஆட்டத்தின் நிரலையும், ஜிபிஎல்லைவிடத் தாராளமான அப்பாச்சி உரிமத்தில், வெளியிட்டார்கள். படங்களும் ஒலிகளும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான். ஒரு தடவை பட்டவர்களே மறுபடியும் செய்கிறார்கள் என்றால், நஷ்டம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதுவும் போக, காப்பியடிக்கிறவன் உன் நிரலுக்காகக் காத்திருக்க மாட்டான். நாலு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தே ஒன்று செய்துவிடுவான்.

"கோடு ரொம்ப அசிங்கமா இருக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டெரி கவனா செய்த ஆட்டம், ஆறு 'வி' எழுத்துகளைப் பெயராக வைத்திருப்பாரே, நீ கல்லூரி நாட்களில் தூங்காமல் ஆடியது. 2010 ஜனவரியில் வந்தது. சரியாகப் பத்து வருடம் கழித்து, 2020 ஜனவரியில், மூலநிரலை வெளியிட்டார். போய்ப் பார்த்தேன். ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் எண் போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச்சுக்குள், அதாவது 'இந்த எண் என்றால் இதைச் செய்' என்கிற ஒரே நீளப் பட்டியலுக்குள், அடைத்து வைத்திருக்கிறார். எண்கள் நாலாயிரத்தைத் தாண்டிப் போகின்றன! நாங்கள் அந்தக் காலத்து கோபால் (COBOL) கணினி மொழியில் இப்படி எழுதியிருந்தால் மேலாளர் சும்மா விட்டிருக்க மாட்டார். பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இப்படி எழுதியும் இவ்வளவு நல்ல ஆட்டத்தை முடிக்கலாமா என்று நிம்மதி அடைந்தவர்களும் நிறையப் பேர். அப்புறம் ரசிகர்கள் பிழைகளைத் திருத்தி அனுப்ப, 2021-ல் வந்த 2.3 பதிப்பில் அவை அதிகாரபூர்வமாகவே சேர்ந்தன. அவருடைய உரிமத்தையும் படித்துப் பார். நோண்டலாம், மாற்றலாம், விற்க மட்டும் கூடாது. உனக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது.

சுத்தம் செய்துவிட்டு வெளியிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அந்த நாள் வரவே வராது.

நீ யோசிக்க வேண்டியது வேறொன்று. வாட்டபோவ் என்ற பெயரில் இயங்குபவர் பிக்சல் டஞ்சன் என்ற ஆட்டத்தைச் செய்து, 2014-ல் அதன் நிரலை ஜிபிஎல்லில் கொடுத்தார். அதை எடுத்துப் பலர் பலவிதமாக மாற்றித் தங்கள் சொந்த ஆட்டங்களாகக் கிளை பிரித்தார்கள். அவற்றில் ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன் இன்று மூலத்தைவிடப் பெரிய பெயர், ஸ்டீம் என்ற ஆன்லைன் ஆட்டக் கடையில் விலைக்கும் விற்கிறது. வாட்டபோவ் வரைபடம் உருவாக்கும் கருவிகள் என்று வேறு வழியில் போய்விட்டார். உன் ஆட்டத்துக்கு இப்படி நடந்தால் தாங்குவாயா? எனக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் அது என் ஆட்டம் இல்லையே. தாங்காது என்றால் கவனாவின் வழிக்குப் போ. கொஞ்சம் காத்திருந்து கொடுப்பதிலும் தப்பில்லை.

கொடுக்காமலே இருப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளக் கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனம் மூடிவிட்டது. மூலநிரல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வரி விகிதம் மாறுகிற ஒவ்வொரு ஏப்ரலிலும் கையால் கணக்குப் போட்டோம். ஐஸ்விண்ட் டேல் இரண்டாம் பாகத்தைப் புதுப்பிக்க வந்தவர்களுக்கும் இதே கதி. பெரிய நிறுவனத்தின் ஆட்டம், நிரல் தேடிக் கிடைக்கவில்லை. உன்னுடையது ஒரே ஒரு லேப்டாப்பில் இருக்கிறது.

வெளியிடும் முன் இசை போட்டுக்கொடுத்த நண்பரிடம் பேசிவிடு. பாட்டுக் கோப்புகள் தவறிக்கூட உள்ளே போகக் கூடாது. டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்காக எழுதிய பகுதிகளைத் தனியே எடுத்து வை, அந்த நிறுவனத்தோடு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். டூம் என்ற பழைய ஆட்டத்தின் நிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டபோதுகூட ஒலிக்கான நிரல் தொகுப்பு வெளியாருடையது என்பதால் அதை விட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். நிரலை மாற்ற மாற்றச் சேமித்து வைத்த பழைய கமிட்டுகளில் பாஸ்வேர்டு, சர்வர் சாவி ஏதாவது கிடக்கும். இன்றைய கோப்பிலிருந்து அழித்துவிட்டால் போதாது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட் (Git) வரலாற்றில் அப்படியே இருக்கும். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா, இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடுவோம். அம்மா முறுக்கு சுட ஆள் கேட்பாள், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா