ரயில்வேயின் சொந்த ஆர்கிடெக்டுகளுக்கு, தருமபுரியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ரயில்வேயிலேயே மாதச் சம்பளத்துக்கு ஆர்கிடெக்ட் உண்டு என்பது எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும், டிடிஆரைத் தெரியும், இன்ஜினியரைத் தெரியும். பிளாட்பாரக் கூரை எங்கே முடிய வேண்டும், படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்க வேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே வர வேண்டும் என்று கோடு போடுகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் மேலதிகாரிகளை விட்டுவிட்டு நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் வேலை சின்ன வேலை இல்லை. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் வாசலில், முதல் உலகப் போரில் இறந்த ரயில்வே ஊழியர்களுக்காக 1922இல் திறந்த வெற்றி வளைவு இருக்கிறதே, கல்லில் சிலையும் தூணுமாக, அதை வரைந்த ஜேம்ஸ் ராப் ஸ்காட் அந்த ஸ்டேஷனை நடத்திய ரயில் கம்பெனியின் சொந்த ஆள். மறு வருடம் கம்பெனிகள் இணைந்து சதர்ன் ரயில்வே ஆனபோது (பெயர் நம்முடையதுதான், ஊர்தான் வேறு) அவரே தலைமை ஆர்கிடெக்ட் ஆனார். 1937இல் அவருடைய சர்பிட்டன் ஸ்டேஷன் லண்டன் பக்கத்தில் வருகிறது: வெள்ளைக் கான்கிரீட், நீளநீளமான ஜன்னல்கள், ஒரு மணிக்கூண்டு, சிற்பம் எதுவும் கிடையாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே ஆர்கிடெக்ட் என்று நம்புவது கஷ்டம். சதர்ன் ரயில்வேயின் ஆர்கிடெக்ட் அலுவலகத்தில் 1920களில் இளைஞராக வேலை பார்த்த மேக்ஸ்வெல் ஃப்ரைதான் பிற்பாடு சண்டிகர் நகரை உருவாக்க வந்தவர்களில் ஒருவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை சென்ட்ரல் பக்கத்தில் நிற்கிற தெற்கு ரயில்வே தலைமையகம், அதுவும் 1922தான், அன்றைய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில் கம்பெனியின் ஆர்கிடெக்ட் என். கிரேசன் வரைந்தது. கட்டடத்தைப் பார்க்காத சென்னைக்காரர் இல்லை, அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட் வரைபடத்தைக் கொடுத்து, ஃபீஸை வாங்கிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் அப்படிப் போக முடியாது. பத்து வருடம் கழித்தும் நீங்கள் போட்ட கூரைக்குக் கீழேதான் இறங்கி நடப்பீர்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தத் திருப்பத்தில் கூட்டம் முட்டிக்கொள்கிறது என்பதைப் பார்த்து அடுத்த ஸ்டேஷனில் திருத்துவீர்கள். இந்தப் பலன் உங்களை வைத்துக்கொண்டால்தான் ரயில்வேக்குக் கிடைக்கும்.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொரப்பூர்–தருமபுரி பாதை முதலில் 1906இல் குறுகிய பாதையாக, பஞ்ச காலத்துக்கு உதவும் என்று போட்டது. 1913இல் ஓசூர் வரை நீண்டது, 1941இல் எடுத்தே விட்டார்கள். கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து வந்த பாதை அதற்கும் முன்பே போய்விட்டது, மாவட்டத் தலைநகராகியும் அந்த ஊருக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. இப்போது மொரப்பூர்–தருமபுரிக்குப் புதிய அகலப்பாதை, 36 கிலோமீட்டர், 2019இல் அடிக்கல் நாட்டியது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயில், தருமபுரி தென்மேற்கு ரயில்வேயில். இரண்டு அலுவலகமும் தனித்தனியாக வரைந்து, நடுவில் யாருடையதும் இல்லாத ஸ்டேஷன்கள் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறையேறி, எலும்பு வளைந்த பெரியவர்களைக் கிராமங்களில் பார்க்கலாம், 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். ஆகவே பிளாட்பாரக் குழாய்க்கு போர்வெல் தண்ணீரா ஒகேனக்கல் தண்ணீரா என்பதைப் பிளம்பரிடம் விடாமல் வரைபடத்திலேயே தீர்மானியுங்கள். அப்புறம் கூரை. முன்பதிவில்லாப் பெட்டி ரயிலின் ஓரத்தில் வரும், கூரை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையும் சாக்குப்பையுமாக, அந்த ஓரத்தில்தான் வெயிலில் நிற்கிறார்கள். பணம் போதாது என்றால் முகப்பு அலங்காரத்தைக் குறைத்து அந்த முனைக்குக் கூரை போடுங்கள். உட்காரக் கல் பெஞ்சு போதும், கிரானைட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. மேலே ஒரு புங்கமரம் இருக்கட்டும். ஏப்ரலில் ஸ்டீல் பெஞ்சில் மனிதர் உட்கார முடியாது.

முழுப் பாதைக்கும் ஒரே ஆர்கிடெக்ட் பொறுப்பேற்கட்டும். வரைபடம் முடிவாகும் முன் மொரப்பூரிலும் தருமபுரியிலும் மக்கள் பார்க்க ஒட்டி வையுங்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் நீங்களும் வந்து நில்லுங்கள். கட்டி முடித்ததும் திறந்து வைத்தவர் பெயருக்குக் கீழே, வரைந்த உங்கள் பெயரையும் கல்லில் பொறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு பயணி