சான்றிதழோடு நின்றுவிடுகிறது வயது வந்தோர் கல்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் படிப்பு கிடைக்காத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வை எழுதிய பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஐம்பது, அறுபது வயதில் பென்சில் பிடிக்கத் துணிவது சிறிய காரியமல்ல. ஆனால் செய்தி சான்றிதழோடு முடிந்துவிட்டது. நான் பார்த்த ஊர்களில் திட்டமும் அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

புதுக்கோட்டையில் 1991-92-ல் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் ஒரு தொண்டர். பகலில் பள்ளி, இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெண்களுக்கு வகுப்பு. முதல் பாடமே ‘பட்டா, படி’. பட்டா என்றதும், காலமெல்லாம் வயலில் உழைத்தும் துண்டு நிலம் இல்லாதவர்கள், குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு நடையாய் நடந்தவர்கள் என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ‘ப’ எழுதி முடிப்பதற்குள் மணி ஒன்பதாகிவிடும். அந்தப் பேச்சுதான் மறுநாளும் அவர்களை வகுப்புக்கு வரவைத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஒப்பந்தக்காரர்களுக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை எங்கள் ஊரில் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. சைக்கிளையும் குவாரியையும் இன்றும் பேசுகிறார்கள்.

வகுப்புகள் நின்றபின் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மகளிர் குழுவில் கணக்கு எழுதியவர்களுக்கு எழுத்து கையில் தங்கியது. மற்றவர்களுக்குச் சில ஆண்டுகளில் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. படித்ததைப் பயன்படுத்த வழியில்லை என்றால் அப்படித்தான் ஆகும். அதற்கு அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்தக் கையெழுத்தும் இன்று எதற்குப் பயன்படுகிறது? நான் போயிருந்த ஒரு கிராம சபையில் கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. மேல் பாதி வெறுமையாக இருந்தது. கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கைநாட்டு வைத்தவர்கள்கூட அன்று அழகாகத் தங்கள் பெயரை எழுதினார்கள், இன்னும் எழுதப்படாத தீர்மானங்களுக்குக் கீழே.

அதே கூட்டத்தில்தான் நம்பிக்கை தரும் ஒன்றையும் பார்த்தேன். சுவரில் வரவு செலவு பிளெக்ஸ் தொங்கியது. எழுத்தறிவு வகுப்பில் படித்த ஒரு பெண் அதன் அருகே போய், விரலை வைத்து எழுத்துக் கூட்டி, “தெரு... விளக்கு... பரா...மரிப்பு” என்று சத்தமாகவே வாசித்தார். பிறகு திரும்பி, “எந்தத் தெரு சார்? எங்க தெருவுல ஆடியிலேர்ந்து லைட்டே எரியலையே?” என்றார். செயலர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எந்தப் பாடப்புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“படிக்காதவர்களை எதற்கு ஊராட்சித் தலைவர் ஆக்குகிறார்கள்?” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஹரியானா 2015-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது: ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பெண்களுக்கு எட்டாம் வகுப்பு. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் நிறுத்தப்பட்ட பெண்களைப் பதவியிலிருந்தும் நிறுத்திவைப்பது எந்த ஊர் நியாயம்? இதேபோன்ற விதியைக் கொண்டுவந்த ராஜஸ்தான் 2019-ல் அதை நீக்கிவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை என்பது நமக்குப் பெருமை. ஆனால் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால், கணவரோ கிளார்க்கோதான் ஊராட்சியை நடத்துவார்கள்.

பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985 வரை வாக்குரிமையே கிடையாது. அங்கே ஆங்கிகோஸ் என்ற ஊரில் 1963-ல் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். மறு ஆண்டு ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் அடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் கூலியாள் அடுத்து என்ன கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் முதல் பொதுத்தேர்தலிலேயே எல்லாருக்கும் ஓட்டு கொடுத்துவிட்டோம். ஓட்டுக்கு அடுத்த கேள்விகளைக் கேட்கத்தான் கல்வி தேவைப்படுகிறது.

இப்போதைய திட்டத்தின் ஏட்டில் இதெல்லாம் இருக்கிறது. சட்ட அறிவு, நிதி அறிவு, தொடர்கல்வி என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவிக்க ஒதுக்கியது சுமார் 1,038 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு இருநூறு ரூபாய் சொச்சம். கற்பிக்கும் தன்னார்வலருக்கு ஊதியம் கிடையாது. அறிவொளிக் காலத்தில் நாங்களும் சம்பளம் வாங்கவில்லைதான். ஆனால் எங்கள் பின்னால் மாவட்ட நிர்வாகமே நின்றது, கலைக்குழுக்கள் ஊர் ஊராக வந்தன. இன்று ஒரு தன்னார்வலர் தனியாக, தன் கைபேசியோடு நிற்கிறார்.

பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பு, கூட்டப் பொருளையும் வரவு செலவு அறிக்கையையும் எழுத்தறிவு வகுப்பு நடக்கும் கற்போர் மையத்தில் பாடமாக வைத்து எல்லாரும் சேர்ந்து படிக்கட்டும். தேர்வு முடிந்த பிறகும் ஓராண்டாவது மையம் திறந்திருக்கட்டும். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்கள் எங்கள் பக்கம் பல பூட்டிக் கிடக்கின்றன. வயல் வேலை முடிந்து பெண்கள் வரும் மாலை ஏழு மணிக்கு அவற்றைத் திறந்தால் இடத்துக்கும் அலைய வேண்டாம். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஊரக வளர்ச்சித் துறையும் கறாராகச் சொல்ல வேண்டும்.

தங்கள் இதழிடமும் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கமாவது பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், ஊராட்சிச் செய்தி, உதவித்தொகை அறிவிப்பு, காய்கறி விலை ஆகியவற்றை வெளியிடுங்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு நாளிதழின் இன்றைய எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.