புல்லில் கால் ஊன்றியவர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் ஜூலை மாதமே வந்து சேர்ந்துவிட்டது. பதில் எழுதச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதிப் பாதி, நீ கேட்டிருந்ததற்கு அவசரத்தில் எதையாவது எழுதி அனுப்பிவிடக் கூடாது என்ற எண்ணம். 57 நிமிடங்களில் முடிந்துபோன இந்த 2025 ஆட்டத்தை விம்பிள்டன் பெண்கள் டென்னிஸ் இறுதிப் போட்டி என்று கொண்டாட முடியுமா என்று கேட்டிருந்தாய். எதிரே நின்ற அமண்டா அனிசிமோவாவுக்குக் கை நடுங்கியதை, வென்ற போலந்து வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் மனவலிமைக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம் என்றும் கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விதான் என்னை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புல்தரையில் ஸ்வியாடெக் தேறமாட்டார் என்று நீ ஆண்டுதோறும் எழுதியபோதெல்லாம் நான் மறுத்துப் பேசியதில்லை. நானும் உன் கட்சியில்தான் இருந்தேன். நாம் அப்படி நினைத்ததில் பெரிய தவறும் இல்லை. செம்மண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை 2020, 2022, 2023, 2024 என நான்கு முறையும், அமெரிக்க ஓபனை 2022-இல் ஒரு முறையும் வென்றவர், புல்தரையில் நடக்கும் விம்பிள்டனில் அதுவரை காலிறுதியைத் தாண்டியதே இல்லை. 2022-இல் தொடர்ச்சியாக 37 ஆட்டங்களில் வென்று வந்தவரை மூன்றாவது சுற்றில் அலிஸே கார்னே நிறுத்தியது அங்கேதான். 2024-இல் யூலியா புடின்ட்சேவாவுக்கு எதிராக முதல் செட்டை எடுத்த பிறகு, அடுத்த இரண்டையும் 1-6, 2-6 என்று கொடுத்துவிட்டு வெளியேறியதும் அங்கேதான். 2018-இல் அதே விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்றவர் அவர் என்பதை மட்டும் நாம் இருவரும் வசதியாக மறந்துவிட்டிருந்தோம்.

நாம் இருவரும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை புல்தரையில் ஆடியது உனக்கு நினைவிருக்கிறதா? சிமெண்ட் தரையில் வளர்ந்த நமக்கு அன்று எல்லாமே விளையாட்டாக இருந்தது, முதல் பந்து வரும்வரை. நீ மேல்சுழல் கொடுத்து, அதாவது பந்து முன்பக்கமாகச் சுழலும்படி, அடித்தாய். பந்து இடுப்புக்கு எழும் என்று நான் மட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். அது கணுக்காலுக்குச் சற்று மேலே விருட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அடுத்த பந்துக்கு அவசரமாகக் குனிந்தபோது கால் சறுக்கி முழங்காலில் பச்சைக் கறையோடு எழுந்தேன். நீ வலைக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாய். பத்து நிமிடம் கழித்து உனக்கும் அதுவே நடந்தது.

ஸ்வியாடெக்கின் சங்கடமும் அடிப்படையில் அதுதான். செம்மண் தரையில் பந்து மண்ணைக் கவ்வி வேகம் குறைந்து மேலே ஏறும்; அவருடைய ஃபோர்ஹேண்டின் கடுமையான மேல்சுழல் அங்கே எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பி நிற்கும். எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட விம்பிள்டன் புல்லில் பந்து அவ்வளவாகப் பிடிபடாது. வேகத்தை இழக்காமல் தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். கைப்பிடியின் அடிப்பக்கமாக உள்ளங்கையை வைத்து மட்டையைப் பிடிக்கும் அவரைப் போன்றவர்களுக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே வரும் பந்து பெரிய தொந்தரவு. அதோடு, செம்மண்ணில் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை அடித்துப் பழகிய கால்கள், புல்லில் சின்னச் சின்ன எட்டுகளாக வைத்து நிற்கப் பழக வேண்டும். மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கால் தரையை நம்பாவிட்டால் கை தானாகவே அவசரப்படும். நமக்கு அன்று நடந்ததும் அதுதானே.

இங்கேதான் நான் உன்னோடு மாறுபடுகிறேன். மனவலிமை என்பதை அவருடைய தலைக்குள் தேடுகிறாய். நான் அதை நாட்காட்டியில் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சு ஓபன் முடிந்து மூன்றே வாரத்தில் விம்பிள்டன் தொடங்கிவிடும். பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸில் வென்ற ஆண்டுகளில் அந்த மூன்று வாரமும் அவருக்குக் களைப்பைத் தீர்க்கவே போதவில்லை. 2022-இல் புல்தரைப் போட்டி எதிலும் ஆடாமல் நேராக விம்பிள்டனுக்கு வந்தார்; 2024-இல் பெர்லின் புல்தரைப் போட்டியிலிருந்து விலகினார். 2025-இல் பாரிஸ் அரையிறுதியிலேயே அரைனா சபலென்காவிடம், கடைசி செட்டில் 0-6 என்று தோற்றார். அந்தத் தோல்வியைப் பற்றி நீ எழுதிய கடிதத்தில் "சகாப்தம் முடிந்தது" என்று இருந்தது. இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே, யாரிடமும் காட்டமாட்டேன். ஆனால் அந்தத் தோல்வி அவருக்கு அதுவரை கிடைக்காத ஒன்றைக் கொடுத்தது: நேரம். ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்ப் புல்தரையில் பயிற்சி செய்தார். 2024 அக்டோபரில் அவருடைய பயிற்சியாளராகச் சேர்ந்த பெல்ஜியத்துக்காரர் விம் ஃபிசெட், 2018-இல் ஏஞ்சலிக் கெர்பர் விம்பிள்டனை வென்றபோது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர். புல் தெரிந்த மனிதர்.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஐந்து பட்டங்கள் பெற்ற ஒருவர், எப்படி ஓடுவது, எப்படி நிற்பது என்று தொடக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளப் போனார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு முந்தைய ஒரு வருடம் அவருக்கு எப்படிப் போயிற்று என்று உனக்கே தெரியும். 2024 ஆகஸ்டில் நடந்த பரிசோதனையில் தடை செய்யப்பட்ட மருந்து தெரிந்தது. தூக்கத்துக்காக எடுத்துக்கொண்ட மெலடோனின் மாத்திரையில் அது கலந்திருந்தது என்று விசாரணையில் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும், ஒரு மாதத் தடை விழுந்தது. அமெரிக்காவில் நடக்கும் இந்தியன் வெல்ஸ் போட்டியின் அரையிறுதியில் ஆத்திரத்தில் பந்தை ஓங்கித் தரையில் அடித்து, அது பந்தெடுக்கும் சிறுவனுக்கு அருகில் போனதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ரோமில் மூன்றாவது சுற்றில் டேனியல் காலின்ஸிடம் தோற்றார். ஒரு வருடமாக எந்த ஒற்றையர் போட்டியிலும் இறுதிக்கு வரவில்லை. அவருடைய உளவியல் நிபுணர் டாரியா அப்ரமோவிச்சை மாற்ற வேண்டும் என்று ஊரெல்லாம் ஆலோசனை சொன்னது. அவர் மாற்றவில்லை.

பிறகு ஜெர்மனியில் பாட் ஹோம்பர்க். விம்பிள்டன் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அங்கே இறுதிப் போட்டி. தொழில்முறை ஆட்டத்தில் அவர் புல்தரையில் எட்டிய முதல் இறுதி அதுதான். ஜெசிகா பெகுலாவிடம் 4-6, 5-7 என்று தோற்றார். பரிசளிப்பின்போது கண் கலங்கினார். ஆனாலும், புல்தரையில் தனக்கும் நம்பிக்கை இருக்கிறது என்று இந்தப் போட்டி காட்டிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாரே, நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. அழுகையும் வேடிக்கைப் பேச்சும் ஒரே நிமிடத்தில் வந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் தட்டியது: இந்தப் பெண் இந்த வருடம் ஏதாவது செய்துவிடுவாரோ?

விம்பிள்டனில் போட்டியின் எட்டாம் தரவரிசையோடு இறங்கினார். யாரும் அவரைப் பெரிதாகப் பேசவில்லை. அதுவும் ஒரு சௌகரியம்தான். இரண்டாவது சுற்றில் கெய்டி மெக்நேலிக்கு எதிராக முதல் செட்டை 5-7 என்று விட்டார். மெக்நேலி யாரென்றால், 2018-இல் பிரெஞ்சு ஓபன் இளையோர் இரட்டையரில் இவரோடு சேர்ந்து பட்டம் வென்றவர். முந்தைய ஆண்டுகளாக இருந்தால் அந்த இடத்தில் ஸ்வியாடெக் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது என் கற்பனை, விட்டுவிடு. நடந்தது இதுதான்: அடுத்த இரண்டு செட்களும் 6-2, 6-1. அங்கிருந்து அவர் ஒரு செட்கூட இழக்கவில்லை. ரோமில் தன்னைத் தோற்கடித்த காலின்ஸை 6-2, 6-3 என்று திருப்பி அனுப்பினார். அரையிறுதியில் வந்தவர் பெலிண்டா பென்சிச். 2023-இல் இதே விம்பிள்டனில் இரண்டு மேட்ச் பாயிண்டுகளை, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையை இரண்டு முறை, தாக்குப்பிடித்துத்தான் அவரைக் கடக்க முடிந்திருந்தது. இம்முறை 6-2, 6-0. இடையில் ஒரு பேட்டியில், சிறுவயதில் தனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு ஸ்ட்ராபெர்ரி போட்ட பாஸ்தா என்று சொல்லப்போய், உலகமே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் பேசும் பேச்சா அது?

இனி ஜூலை 12. அமண்டா அனிசிமோவாவுக்கு எதிராக 6-0, 6-0; அவருக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. விம்பிள்டன் பெண்கள் இறுதியில் 1911-க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை. கிராண்ட் ஸ்லாம் இறுதி என்று எடுத்துக்கொண்டால் 1988-இல் பாரிஸில் ஸ்டெஃபி கிராஃப் நடாஷா ஸ்வெரேவாவை வென்றதற்குப் பிறகு இல்லை. மொத்தம் 79 புள்ளிகள் ஆடப்பட்டதில் 55 ஸ்வியாடெக்குக்கு. அனிசிமோவா தானாகச் செய்த தவறுகள் 28. இந்த 28-ஐத்தான் நீ சுட்டிக் காட்டுகிறாய். சரி, அவற்றில் பலவும் நடுக்கத்தால் வந்தவைதான். இரண்டாவது சர்வீஸின்போது பந்தை மேலே போடும் கையே தயங்கியது. 2023-இல் மன அழுத்தம் தாங்காமல் ஆட்டத்திலிருந்தே விலகியிருந்தவர், 2024-இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டாதவர், அரையிறுதியில் அன்றைய உலகின் முதல் நிலை வீராங்கனை சபலென்காவை மூன்று செட்களில் வென்றுவிட்டு அந்த மைதானத்தில் நிற்கிறார். யாருக்குத்தான் நடுங்காது?

ஆனால் அந்த நடுக்கத்துக்குத் தீனி போட்டது யார் என்றும் பார்க்க வேண்டாமா? நான் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டு, இரண்டாவது செட்டில் ஸ்வியாடெக்கின் கால்களை மட்டும் பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே மூன்று நான்கு குறுகிய எட்டுகள், முழங்கால் மடங்கி உட்காருவதுபோன்ற ஒரு நிலை, அடித்த கையோடு மறுபடி நடுவுக்கு. மைதானமே எதிராளிக்கு ஒரு கேமாவது கிடைக்கட்டும் என்று கைதட்டிக் கூவிக்கொண்டிருந்தபோதும் அந்தக் கால்கள் ஒரு முறைகூடச் சோம்பவில்லை. நீ அதை இரக்கமின்மை என்று எழுதியிருந்தாய். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. ஆண்டுதோறும் இந்தப் புல்லில் ஏமாந்துபோனவருக்கு 5-0 என்ற எண்ணிக்கையை நம்பும் தைரியம் இருந்திருக்காது. பேக்ஹேண்டில் குறுக்காக அடித்த கடைசிப் பந்து தாண்டிப் போன பிறகுதான் முழங்காலிட்டு உட்கார்ந்தார்; அதுவரை அவருக்கு அது 0-0 ஆட்டமாகவே இருந்திருக்க வேண்டும். கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அது அவருடைய நூறாவது வெற்றி; கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் ஆறுக்கு ஆறு. 1937-இல் யத்விகா யெத்ரெயோவ்ஸ்காவும் 2012-இல் அக்னியெஷ்கா ரத்வான்ஸ்காவும் இறுதிவரை வந்து தோற்ற இடத்தில் போலந்துக்குக் கிடைத்த முதல் ஒற்றையர் பட்டமும் அதுதான். இதைக் கனவுகூடக் கண்டதில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கோப்பையை வாங்கியபோது சொன்னார். பொய்யாகத் தோன்றவில்லை.

அன்று எனக்கு அவரைவிட அதிகமாக மனதில் நின்றவர் தோற்றவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன்னைப் பார்க்க அன்று காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கிய தாயைப் பற்றிப் பேச முயன்று, அழுது, மறுபடி பேசி, பார்வையாளர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஒரு கேம்கூட எடுக்காத ஒருவர் அத்தனை பேர் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு எந்த எண்ணிக்கையும் இல்லை.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே இருவரும் மோதினார்கள். அனிசிமோவா 6-4, 6-3 என்று வென்றார். முந்தின இரவு, வலித்தாலும் பரவாயில்லை என்று, அந்த விம்பிள்டன் இறுதியைத் தான் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். நீ கொண்டாடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய அந்த 57 நிமிடங்களை, அதில் மிக மோசமாக அடிபட்டவரே மறுபடி பார்த்திருக்கிறார்.

ஆகவே நீயும் ஒரு முறை பார். இந்தத் தடவை எண்ணிக்கையைப் பார்க்காதே; முதல் செட்டில் ஸ்வியாடெக்கின் கால்களைப் பார், இரண்டாவது செட்டில் அனிசிமோவாவின் கைகளைப் பார். பார்த்துவிட்டு, இன்னும் அதை இறுதிப் போட்டி இல்லை என்றுதான் சொல்வாய் என்றால், ஏன் என்று விரிவாக எழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சாந்தி