கேரல் பவனி பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிகிற அன்று மாலை நம் பிள்ளைகள் இந்த ஆண்டும் கேரல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு, பாடி வீடு வீடாக ஊருக்குள் வருகிறார்கள். போன வருடத்தைப் பற்றிச் சிலர் நேரில் வந்து வருத்தப்பட்டீர்கள். நியாயம்தான். கடைசி வீட்டை முடிக்கும்போது மணி பதினொன்றரை. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டியவர் வாசலில் அந்நேரம் டிரம் அடித்தால் அவர் என்ன வாழ்த்தா சொல்லுவார்?

இந்த முறை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திரும்பிவிடுவோம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. நாங்கள் ஒலிபெருக்கியே எடுக்கவில்லை. ஒரு டிரம், ஒரு கிட்டார், மற்றபடி தொண்டைதான்.

நான் ஆறாவது படிக்கும்போது, பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னால் நடந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. தூங்குகிறார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினோம். உள்ளே எரிந்த விளக்கும் அணைந்தது. அந்த வீட்டில் துக்கம் நடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அதனால்தான் இத்துடன் ஒரு சீட்டு வருகிறது. துக்கம், நோயாளி, கைக்குழந்தை, அல்லது வெறுமனே விருப்பமில்லை, எதுவானாலும் 'வேண்டாம்' என்று எழுதுங்கள். காரணம் கேட்க மாட்டோம்.

உண்டியல் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஏழை மாணவர்கள் வாசல் வாசலாகப் பாடித்தான் சாப்பிட்டார்கள். கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே ஜெர்மனியின் ஐஸ்னாக் நகரில் அப்படிப் பாடி ரொட்டி வாங்கியவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி 1530இல் எழுதியபோது, அதை வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. முந்திரிக்கொத்தோ சுக்குக் காப்பியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ரூபாய் வேண்டாம்.

வர விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும், எந்த மதமானாலும். சுசீந்திரம் மார்கழித் திருவிழா அந்த நாளோடு சேர்ந்து வந்தால் அங்கே போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். இதற்கு வருகைப்பதிவு எடுக்கப் போவதில்லை.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பப்பா (கிறிஸ்துமஸ் தாத்தா) வேடத்துக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பாடுவதற்கு ஒன்பது பேர். சீட்டுக் குலுக்கி ஒருவரை எடுப்போம், மீதிப் பேர் பாட வேண்டும். வீட்டிலும் கொஞ்சம் சொல்லி வையுங்கள். முகமூடியைக் கண்டு அழுகிற சின்னப் பிள்ளை இருந்தால் சீட்டில் குறிப்பிடுங்கள், பப்பா கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வார்.

அந்த வாரம் சாரல் இருக்கும், குடை கொடுத்து அனுப்புங்கள். ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். இருட்டில் தனியாக யாரையும் அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்