கர்க்கடகத்தில் ராமாயணம் எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கர்க்கடகம், அதாவது மலையாள ஆடி மாதம், பிறந்ததும் கொழிஞ்சாம்பாறை வீட்டில் அந்திவிளக்கு ஏற்றி, எழுத்தச்சன் மலையாளத்தில் பாடிய அத்யாத்ம ராமாயணம் வாசிக்கப் போவதாக எழுதியிருந்தாய். உள்பொருள் தெரிய, சீதை மனசு, ராவணன் அகங்காரம் என்று எது எதற்குக் குறியீடு என முதலிலேயே அட்டவணை போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். ஆரண்ய காண்டத்திலேயே இடறும். அங்கே ராவணன் தூக்கிப்போவது மாயாசீதையை. உண்மைச் சீதை அக்கினிக்குள் மறைந்திருக்கிறாள். சீதைதான் மனசு என்றால், அக்கினிக்குள் இருப்பது யார் மனசு?

அட்டவணை தேவையில்லாதபடி பாலகாண்டத்தின் தொடக்கமே வழி சொல்லிவிடுகிறது. பட்டாபிஷேகம் முடிந்தபின் அனுமனுக்குச் சீதை தத்துவம் சொல்கிறாள்: நானே மூலப்பிரகிருதி, எல்லாம் தோன்றும் ஆதி இயற்கை, நடந்ததெல்லாம் என் செயல், ராமன் எதையும் செய்வதில்லை. சமஸ்கிருத மூலத்தில் அடுத்து ராமன் குளத்தைக் காட்டுகிறான். எங்கும் பரந்த வானம், குளத்தளவில் அடங்கிய வானம், நீரில் தெரியும் வானம் என மூன்று. நீர் கலங்கினால் கலங்குவது மூன்றாவது மட்டும்தான். இது மனதில் பதிந்தபின் காட்டுக்குப் போவதைப் படித்துப் பார். அழுகையும் தெரியும், அழுகையை அறிகிற ஒன்றும் தெரியும். அதனால் முதல் இரண்டு மூன்று நாளும் இந்தப் பகுதியைத் திரும்ப வாசி.

மாதம் 31 நாளா 32 நாளா என்று பஞ்சாங்கத்தில் பார்த்துப் பக்கங்களைப் பங்கிட்டுக்கொள். அன்றைய பங்கை நிறுத்தாமல் உரக்க, கதையாகவே படி. முடித்தபின் பத்துப் பதினைந்து வரியில் ஒரே ஓர் இடத்தை எடுத்து, யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார்கள் என்று பார். அயோத்தியா காண்டத்து லட்சுமண உபதேசத்தில், பாம்பின் வாயில் அகப்பட்டும் இரை தேடும் தவளை வரும். நிலையாமை பற்றிய பொதுப்பேச்சாக அதை எடுத்துக்கொண்டால் பாதி போய்விடும். ராமனின் பட்டம் தடைபட்ட கோபத்தில் கொதிக்கிற லட்சுமணனை நிறுத்தி ராமன் சொல்வது அது. இன்று எனக்குக் கோபம் மூண்டபோது, அதைக் கோபம் என்று அறிந்தது எது? இப்படிக் கேட்டு இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார். நோட்டில் சம்பவத்தை மட்டும் ஒரு வரி எழுது. பதிலை எழுதாதே, மறுநாள் அந்தப் பதிலையே தேட ஆரம்பித்துவிடுவாய்.

பெரும்பாலும் கெடுவது இன்னோர் இடத்தில். குறியீட்டை அடுத்தவர் தலையில் ஏற்றுவோம். சித்தி கைகேயி ஆவாள், பங்காளி ராவணன் ஆவான். அப்படிப் படிப்பதைவிடக் கதையாகப் படிப்பது எவ்வளவோ மேல். சேதுவின் ஒவ்வொரு கல்லுக்கும் பொருள் தேடவும் வேண்டாம்.

உள்பொருள் பார்த்தால் பக்தி குறையும் என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கினால், 'முப்புரமாவது மும்மல காரியம்' என்ற திருமூலர் வாக்கைப் பணிவாகச் சொல். சிவன் முப்புரம் எரித்த கதைக்கு, ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களையும் எரித்தான் என்று பொருள் பாடியவர், அந்தச் சிவனை விட்டுவிடவில்லை.

மலையாள எழுத்தில் வேகம் வராவிட்டால் அன்றைய பங்கை மதியமே ஒருதரம் பார்த்து வை. விளக்கு முன்னால் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் பொருள் காதில் விழாது.

அன்புடன்,
அண்ணன்